ஔவையைத் தேடுதல்

குறுந்தகட்டின் மேல் கறுப்பு மையில் ‘சொல்லகராதி, கடைசித் திருத்தம்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் தாமிரபரணிக் கரையோரப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் புழங்கிய சொற்களை இருபது வருடங்களுக்கு மேல் கேட்டுக் கேட்டு நோட்டுகளில் சேர்த்தார். மீன் பெயர்கள், வயல் வேலைகள், பிள்ளைகளின் விளையாட்டு, நோன்புகள், திட்டுகள் எல்லாம் அதில் உண்டு. பிறகு ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த டிடிபி சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அடித்து வைத்தார். புத்தகமாகவில்லை. அவர் காலமான பிறகு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த ஒரு மழைக்காலத்தில் நோட்டுகள் கூழாகிவிட்டன. மிஞ்சியது தகடு. அதைத்தான் அவருடைய மகள் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“அண்ணாச்சி, அப்பா எழுதினது ஒண்ணுகூட இதுல இல்ல. வெறும் இங்கிலீஷ் எழுத்தாக் கெடக்கு. அழிஞ்சு போச்சுன்னு கம்ப்யூட்டர் கடையில சொல்லுதாவ.”

சிறுபத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டியும் மெய்ப்புப் பார்த்தும் கணினித் தமிழோடு நெடுநாள் கிடந்தவன் நான். ‘அழிஞ்சு போச்சு’ என்ற பேச்சைப் பலர் வாயில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாக இருப்பதில்லை. ஆனால் அழிந்துவிட்டது என்று நம்பியவர் அடுத்துச் செய்கிற காரியம்தான் பல நேரம் உண்மையிலேயே அழித்துவிடுகிறது. அதனால் முதலில் தகட்டிலிருந்ததை அப்படியே எடுத்து இரண்டு இடங்களில் போட்டு வைத்தேன். ஒன்றை நான் தொடவே போவதில்லை. மற்றதில்தான் வேலை. பழைய கோப்பு எதைக் கையில் எடுத்தாலும் இதைச் செய்யாமல் நான் திறப்பதில்லை.

திறந்தேன். முதல் வரியின் தொடக்கத்தில் ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. இந்த ஐந்தையும் இந்த வரிசையில் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் அது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்துக் கணினிக்குத் தெரிந்தது ஆங்கில விசைகளும் அவற்றுக்கான எண்களும்தான். தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ‘ஜே’ இருக்கும் அறையில் த-வின் படத்தையும், ‘கே’ இருக்கும் அறையில் ம-வின் படத்தையும் வைத்தார்கள். திரையில் தமிழ் தெரிந்தது, தாளில் தமிழ் அச்சானது. கோப்புக்குள்ளோ என்றைக்கும் ஜேயும் கேயும்தான். தமிழ் முழுவதும் எழுத்துருவில் இருந்தது. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனவுடன் வேடம் கலைந்துவிடும். ஆசிரியரின் சொற்கள் எதுவும் தொலையவில்லை. அவை உடுத்தியிருந்த துணி மட்டும் காணாமல் போயிருந்தது.

திரையில் தமிழ் கெட்டுப்போவதில் நாலு விதம் உண்டு. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இப்படி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால் பழைய எழுத்துரு. கட்டம் கட்டமாக வந்தால் கோப்பில் தமிழ் பத்திரமாக இருக்கிறது, அதைக் காட்ட அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ தமிழ் போன்ற ஒன்றை நிறுவினால் கட்டங்கள் எழுத்தாகிவிடும். மேலே சாய்கோடு போட்ட சிறிய ஏ, கூடவே வட்டத்துக்குள் அடைபட்ட ஆர், இந்த இரண்டும் ஜோடி ஜோடியாகப் பக்கம் முழுக்க வந்தால் அது யூனிகோடு தமிழேதான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. திறந்த செயலி அந்த மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிட்டது. எக்செலில் இது அடிக்கடி நடக்கும். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், ‘டேட்டா’ தாவலில் போய் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாகக் கொண்டுவந்து, ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யூடிஎஃப்-8-ஐத் தெரிவு செய்தால் எல்லாம் தமிழாகும்.

நாலாவது விதம் கேள்விக்குறிகள். வரி முழுக்க வெறும் கேள்விக்குறி. இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசையும். தமிழை ஏற்காத ஏதோ ஒரு முறையில் யாரோ சேமித்திருக்கிறார்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாகக் கோப்புக்குள்ளேயே ஒரு கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டது. அதைத் தமிழாக்க எந்த எழுத்துருவாலும் முடியாது. விண்டோஸ் நோட்பேட் பல காலம் ‘ஆன்சி’ முறையில்தான் தானாகச் சேமித்துக்கொண்டிருந்தது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் யூடிஎஃப்-8 அதன் இயல்பானது. அதற்கு முன்பும், சில எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரத்தான் செய்தது. ஆங்கிலத்தில் வந்த அந்தப் பெட்டியில் ‘ஓகே’ அமுக்கி எத்தனை கவிதைத் தொகுப்புகள் போயின. கேள்விக்குறி கண்ணில் பட்டால் ஒரே ஒரு வேலைதான்: சேமிக்காமல் மூடுவது, முந்தைய படி எங்காவது மின்னஞ்சலில், பென் டிரைவில் கிடக்கிறதா என்று தேடுவது.

மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “அப்பா இதுக்குள்ளதான் இருக்காங்க, ரெண்டு நாள் குடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

பாமினி என்று நான் கண்டது பழக்கத்தால். பழக்கம் இல்லாதவருக்கும் வழி உண்டு. வேர்டில் அந்த வரிக்குள் கர்சரை வைத்தால் மேலே எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் கோப்பில் தங்கியிருக்கும். அந்தப் பெயர்தான் சாவி. ஏனென்றால் 1990-களில் ஆளுக்கொரு முறையில் அறைகளை நிரப்பினார்கள், ஒருவர் த வைத்த அறையில் இன்னொருவர் வேறெதையோ வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் கூடி டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க நூல்களையும் காப்பியங்களையும் கூலி வாங்காமல் அடித்து ஏற்றிவிட்டு, குறியீடு மாறும்போது மறுபடி மாற்றியும் கொடுத்தார்கள். இத்தனைக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. வீட்டுக் கணினியில் அது பார்க்கக் கிடைத்தது விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்த பிறகு. தமிழக அரசு அதை ஆணையாக ஏற்றது 2010-இல். நடுவிலிருந்த அந்த வருடங்களில் அடிக்கப்பட்ட தமிழ் எவ்வளவு இருக்கும்! பெட்டிகளிலும் பரண்களிலும் தகடுகளாகக் கிடக்கும் அதை நினைத்தால் எனக்கு ஓட்டுக்கூரையில் செருகிவைத்த ஏட்டுக் கட்டுகள் ஞாபகம் வருகின்றன.

மாற்றித் தரும் கருவிகள் உண்டு. என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் இரண்டும் எத்தனையோ பேருடைய எழுத்தைக் கரையேற்றியவை. ஆனால் முழுக் கோப்பையும் அள்ளி அவற்றில் போடக் கூடாது. ஆசிரியர் ஆங்காங்கே தாவரப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். மாற்றி ஆள் பார்க்காது, ஆங்கிலத்தையும் பாமினியாகப் படித்து உளறலாக்கிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் ‘ஃபார்மட்’ வழியாக எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேடலாம். பாமினியில் உள்ளதை மட்டும் எடுத்து மாற்றி ஒட்டினேன். ஓர் இரவு ஆயிற்று.

விடிந்ததும் அகராதி தமிழாக இருந்தது. படித்துப் பார்த்தால் ‘வௌியூர்’ என்றும் ‘தௌிவு’ என்றும் இருந்தன. சில இடங்களில் புள்ளிகளால் ஆன சிறு வட்டம் ஒன்று, அதன் தலையில் கொக்கி. நீங்களும் இதை அரசு அறிவிப்புகளில்கூடப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளிவட்டம் தாங்க எழுத்து இல்லாமல் ஒரு குறி தனியே நிற்கிறது என்று கணினி சொல்லும் செய்தி.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்தால் பழைய தட்டச்சுப் பொறிவரை போகவேண்டியிருக்கிறது. பொறியில் விசைகள் கொஞ்சம். ஔ-வுக்கென்று தனி விசை செலவழிக்க இடமில்லை. ஒ அடித்துப் பக்கத்தில் ள அடித்தால் பார்வைக்கு ஔ ஆகிவிடுகிறது. கௌ வேண்டுமென்றால் கொம்பு, க, ள. தாளில் படிப்பது மனிதக் கண், அதற்கு இது போதும். பாமினி அந்தப் பொறியின் பிள்ளை, அதே வழக்கம் அதற்கும் வந்தது. இப்போது மாற்றும் கருவி என்ன செய்யும்? கொம்பு, வ, ள என்று மூன்றைப் பார்த்ததும் அவசரமாக ‘வௌ’ என்று ஆக்கிவிடுகிறது. அடுத்து வரும் இகரக் கொக்கிக்கு உட்கார இடமில்லை. வெளி, ‘வௌி’ ஆகிறது.

இதைத் திருத்த ஒரு விதியை நான் நெடுநாளாகக் கையாளுகிறேன், இன்றுவரை அது என்னைக் கைவிட்டதில்லை. ஒரு மெய் இரண்டு உயிர்க்குறிகளைச் சுமக்காது. ஆகவே ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு குறியோ புள்ளியோ வந்தால் அது ஔகாரமே அல்ல, கொம்பும் ளகரமும்தான். ‘வௌி’யைத் தேடி ‘வெளி’ என்று மாற்றுங்கள், ‘தௌி’யைத் ‘தெளி’ என்று மாற்றுங்கள். குறியை மட்டும் தேடாமல் எழுத்தோடு சேர்த்துத் தேடுவது பாதுகாப்பு. எதிர்ப்பக்கமும் உண்டு: கொம்புக்குப் பின் வரும் ளகரம் எந்தக் குறியும் இல்லாமல் மொட்டையாக நின்றால் அது அநேகமாக ஔகாரம். மெளனம், பெளர்ணமி, கெளரவம் என்று இன்றைக்கும் யூனிகோடிலேயே அடிக்கிறவர்கள் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினி அவற்றை ‘மெ-ள-னம்’ என்றே வைத்திருக்கும். ‘மௌனம்’ என்று நீங்கள் தேடினால் அந்தக் கட்டுரை உங்களுக்குக் கிடைக்காது.

எனக்கு இது வெறும் தட்டச்சுப் பிழையாகத் தோன்றுவதில்லை. அகரமும் உகரமும் சேர்ந்தால் ஔகாரம் என்கிறது தொல்காப்பியம். அந்த ஒலியில் எங்கே ளகரம்? எழுத்தின் வடிவத்தில் ஓரமாக நிற்கும் அந்தச் சிறு உரு ளகரத்தின் சாயலில் இருப்பதால் ளகரம் என்றே நாம் நம்பிவிட்டோம். ஸ்ரீ என்ற எழுத்திலும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கியும் அதை எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒரு கோயிலின் பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் மற்றவிதமாகவும் அடித்தால் கணினிக்கு அவை இரண்டு கோயில்கள். தமிழ் எண்ணில் ஒன்று க-வின் சாயல், ஏழு எ-வின் சாயல். வருடிய பக்கத்தை எழுத்தாக்கும் செயலிகள் இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏட்டுச் சுவடி வாசித்தவர்கள் இதைவிடக் கடினமான காட்டில் நடந்தவர்கள். சுவடியில் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் முன்னால் கிடந்தது அப்படிப்பட்ட எழுத்து. ஓர் உருவத்துக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு எழுத்தில் எது என்று யாப்பையும் பொருளையும் வைத்துத் தீர்த்தார்கள். நம் திரையிலும் ஓர் உருவத்துக்குள் இரண்டு எழுத்து ஒளிந்திருக்கிறது. கணினிக்கு யாப்பும் தெரியாது, பொருளும் தெரியாது. அதற்கு எண் தெரியும். அடிக்கிறவர் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டால் சொல் நூறு வருடம் கழித்தும் கூப்பிட்ட குரலுக்கு வரும். அதனால்தான் அடிக்கும்போதே ஔ-வை ஔ-வாக அடிக்கச் சொல்லி இளைஞர்களிடம் மன்றாடுகிறேன். தமிழ்99-இல் அதற்கென்று ஒரு விசை இருக்கிறது.

ஐயம் வந்தால் சோதிக்க எளிய வழி பேக்ஸ்பேஸ். எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு தட்டு. முழு ஔ-வும் போனால் அது ஔ, ஒ மட்டும் மிஞ்சினால் அது ஒ-வும் ள-வும். டெலீட் விசை இதற்கு உதவாது. பெரும்பாலான செயலிகளில் டெலீட் மெய்யையும் குறியையும் சேர்த்து விழுங்கும், பேக்ஸ்பேஸ்தான் பின்னாலிருந்து ஒவ்வொரு குறியாகக் கழற்றும். ‘கி’ என்று அடித்ததைக் ‘கீ’ ஆக்க முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை என்பது இதனால்தான். வேர்டில் இன்னும் துல்லியமான வழி: எழுத்தை ஒட்டிக் கர்சரை வைத்து ஆல்ட்டோடு எக்ஸ் அமுக்கினால் அந்த எழுத்து தன் யூனிகோடு எண்ணாக மாறி நிற்கும், மறுபடி அமுக்கினால் எழுத்தாகிவிடும். ஒரு சொல் ஏன் தேடலில் அகப்படவில்லை என்று தெரியாமல் தவிக்கிறபோதெல்லாம் இதைத்தான் செய்கிறேன்.

சிவப்பு அலைக்கோடு பற்றியும் பலர் கேட்கிறார்கள். வேர்டு உங்கள் தமிழை ஆங்கிலம் என்று நினைத்துப் பிழை பார்க்கிறது. பத்தியைத் தெரிவு செய்து ‘ரிவ்யூ’ தாவலில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் அது நிற்கும்.

அகராதிக்கு அகரவரிசைதான் உயிர், அதில் ஒரு சிக்கல் இருந்தது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் போட்ட சட்டகத்தில் தமிழைப் பொருத்தியதால் வந்தது இது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலி அன்னத்தை அப்பத்துக்கு முன்னால் வைத்துவிடும். நம் வரிசையில் னகரம் மெய்களின் கடைசி. வேர்டில் அடுக்கும்போது ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டு அடுக்கினேன். ஆசிரியர் கையால் அடுக்கிய வரிசையோடு ஆங்காங்கே ஒப்பிட்டேன். பார்த்தவரை அவர் ஓரிடத்திலும் தவறியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மகள் வந்தார். கணினியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். முதலில் ‘கெளுத்தி’ என்று தேடினார். வந்தது. ‘மடை’ தேடினார், ‘குலவை’ தேடினார். ஒவ்வொன்றாகப் படித்து, சிலவற்றில் நெடுநேரம் நின்றார். பிறகு ‘ஔவை’ என்று அடித்தார். எதுவும் இல்லை என்றது பெட்டி.

“இல்லாம இருக்காது அண்ணாச்சி. ஔவையார் நோன்ப அப்பா விட்டிருக்க மாட்டாங்க. ஆடிச் செவ்வாய்க்கு ராத்திரி அம்மாவும் தெருப் பொம்பளைகளும் சேர்ந்து உப்பில்லாக் கொழுக்கட்டை அவிப்பாங்க. அன்னிக்கு அப்பாவ வீட்ட விட்டு வெளிய அனுப்பிருவாங்க. திண்ணையில கூட இருக்க விடமாட்டாங்க.”

நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் அந்த நோன்பு பெண்களுடையது. ஆண் பிள்ளைக்குக்கூட அங்கே இடமில்லை, கொழுக்கட்டை கண்ணில் படக் கூடாது. நான் பெட்டியில் ஒ அடித்தேன், அடுத்து ள, அடுத்து வை. ஒரே ஓர் இடம். ‘வௌி’களை எல்லாம் மாற்றிய நான் சொல்லின் முதலில் நின்ற இதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். ‘ஒளி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், தன் இடமல்லாத இடத்தில் அது இருந்தது.

மூன்று வரிகள்தான் எழுதியிருந்தார். செவ்வாய், பச்சரிசி மாவு, உப்புச் சேர்ப்பதில்லை, விடிவதற்குள் உண்டு முடிக்க வேண்டும். கடைசி வரி: ‘ஆண் அறியக் கூடாதது. கேட்டதற்குச் சொன்னவர் தம் பெயரைப் போட வேண்டாம் என்றார்.’

மகள் அதை இரண்டு தடவை படித்தார். “அது எங்கம்மாதான்” என்றார்.

ஒ-வையும் ள-வையும் அழித்துவிட்டு ஔ அடித்தேன். கோப்பை மறுபடி அடுக்கினேன். ஒளியை விட்டு எழுந்து, ஓடையையும் ஓணானையும் ஓலைப்பெட்டியையும் தாண்டிப் போய், உயிரெழுத்துகள் முடிகிற இடத்தில் அந்த ஒரு சொல் நின்றது.